ஜெபிக்கும் தாய் மட்டும் போதுமா?

ஊர் மாறுகிறது, வேலை மாறுகிறது, குடும்பத்தின் அளவு மாறுகிறது. ஆனால், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு மட்டும் அம்மாவின் தலையிலிருந்து இறங்கவே இல்லை. இது நியாயமா? வேதமும் வரலாறும் சொல்வது இதைத்தானா?

மே மாத வெயிலில் தேரி மண் செக்கச் சிவந்து கொதிக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத் தெருவில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பவனி வந்துகொண்டிருக்கிறது. காகிதத் தொப்பி, கையில் வசன அட்டை, முன்னால் டிரம். ஆசிரியை முழக்கம் சொல்ல, பிள்ளைகள் தொண்டை கிழியத் திருப்பிச் சொல்கிறார்கள். வரிசையில் இருக்கும் பலர் இந்த ஊரில் வளர்பவர்கள் அல்லர். சென்னை, கோவை, பெங்களூரு, மும்பை என்று பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் அம்மாக்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் பத்து நாளில் பாட்டும் வசனமும் படித்துவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் இவையெல்லாம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்ற கணக்கு அந்த முகங்களில் ஓடுகிறது.

அந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாலும் அம்மாக்கள்தான். பிள்ளை ஞாயிறு பள்ளிக்குப் போகாவிட்டால் கேள்வி அம்மாவுக்கு. திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணம் தெரியாமல் நின்றால் தலைகுனிவு அம்மாவுக்கு. கல்லூரிக்குப் போன மகன் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டால், 'வீட்டில் ஜெபம் உண்டா?' என்று சபை விசாரிப்பதும் அம்மாவைத்தான். அன்னையர் தினப் பிரசங்கம் அவளைக் கொண்டாடும் அளவுக்கு, ஆண்டின் மற்ற நாட்களில் சபை அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இந்தப் பழி பொருந்தாது. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் விசுவாசம் ஒருபோதும் ஒரு பெண்ணின் கையால் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போனதில்லை. அதைக் கொண்டு சேர்த்த பல கைகள் வாழ்க்கை மாற்றங்களால் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. மிச்சமிருந்த ஒரு ஜோடிக் கையிடம் மொத்த வேலையையும் எதிர்பார்க்கிறோம்.

மணி அடித்த ஊரில்

தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெபங்கள் தெரிந்தவர் குறைவு. அவர் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அதாவது, இந்தக் கடற்கரையில் விசுவாசம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதற்கு முன்பே பிள்ளையிடமிருந்து தாய்க்குப் போயிருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்ட ஜெப நூல். குடும்பங்களைச் சென்றடைய அதற்கும் ஊரில் ஒரு வாசிப்பவரும் ஓர் உபதேசியாரும் தேவைப்பட்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். 1799இல் முதலூர் உருவானதைத் தொடர்ந்து எழுந்த கிறிஸ்தவக் கிராமங்களில் கோவிலும் பள்ளியும் அடுத்தடுத்து நின்றன. காலையும் மாலையும் மணி அடித்தது. உபதேசியார் ஜெபம் நடத்தினார். பள்ளிக்கூடத்து வாத்தியாரே ஞாயிறு பள்ளிக்கும் வாத்தியார். இடையன்குடியில் எலிசா கால்டுவெல், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் போன்ற மிஷனரி மனைவியர் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்ட வேதாகமப் பெண்கள் இருந்தார்கள். ஆச்சி கதை சொன்னாள், அத்தை கீர்த்தனை சொல்லிக்கொடுத்தாள், அசனப் பண்டிகை ஊரையே ஒரே பந்தியில் உட்கார வைத்தது. அந்தக் காலத்துத் தாய் இன்றைய தாயைவிடப் பக்தி மிகுந்தவள் என்பதற்குச் சான்று இல்லை. அவளுக்குத் துணை அதிகம் இருந்தது என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது.

அந்த ஊரைப் பொற்காலமாகப் பார்க்கவும் தேவையில்லை. சாதி அந்தக் கோவில்களுக்குள்ளும் இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பிரம்படியும் விழுந்திருக்கும். நமக்குத் தேவை ஓர் உண்மைதான்: அந்த ஏற்பாட்டில் தாய்க்கு உடம்பு முடியாமல் போனாலும், தாயே இல்லாமல் போனாலும், பிள்ளையின் காதில் ஜெபம் விழுந்துகொண்டே இருந்தது.

▣ பெட்டிச் செய்தி: எண்களில்

• 2011 கணக்கெடுப்பின்படி தமிழகக் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம், மக்கள்தொகையில் 6.12 சதவீதம்.
• கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 47 சதவீதம். அங்கிருந்து பெருநகரத்துக்குக் குடிபெயரும் குடும்பம், வகுப்பறையில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களாக இருந்த சூழலிலிருந்து, ஒன்றிரண்டு பேர் மட்டும் இருக்கும் சூழலுக்குப் போகிறது.
• 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 1.8. அண்ணன், அக்காவிடம் கேட்டுப் படிக்கும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது.

ஊர் விட்டு ஊர்

இடமாற்றம் முதலில் அறுப்பது பழக்கத்தை. ஊரில் கோவில் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. நகரத்தில் இரண்டு பேருந்து மாற வேண்டும். ஞாயிறு காலை டியூஷன் நேரமாகிறது, கிரிக்கெட் பயிற்சி நேரமாகிறது, இரவுப் பணி முடித்து வந்த அம்மா தூங்க வேண்டிய நேரமாகிறது. மொழி அடுத்த சிக்கல். அம்மாவின் கையில் இருப்பது 1871 மொழிபெயர்ப்பின் வழி வந்த பழைய தமிழ் வேதாகமம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வசனம் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அதனால் பல வீடுகளில் அம்மா தமிழில் ஜெபிக்கிறாள், பிள்ளை ஆங்கிலத்தில் ஞாயிறு பள்ளிப் பாடல் பாடுகிறது. அம்மா அழுது ஜெபிக்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்பது பிள்ளைக்கு முழுமையாகப் புரிவதில்லை. விசுவாசத்தின் சொற்களும் வீட்டின் சொற்களும் வேறுவேறாகும்போது, விசுவாசம் ஒரு பாடத்திட்டமாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

அறுந்துபோன பழக்கங்களுக்குப் பதிலாக இப்போது செல்போன் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, அந்த ஆண்டின் ஈஸ்டர் ஆராதனையும் திரை வழியாக நடந்த பிறகு, ஆராதனை வீட்டுக்கே வரும் என்பது பழகிவிட்டது. காலையில் வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம், இரவில் யூடியூபில் பிரசங்கம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்கும் இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. பிள்ளைக்கு அப்படியல்ல. திரையில் பேசும் போதகருக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது. தேர்வில் தோற்ற வாரம் அவர் தோளில் கை வைக்கமாட்டார். பத்து வயதுப் பிள்ளைக்குத் தேவை நல்ல பிரசங்கம் அல்ல. தன் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும், தன் அம்மா அல்லாத இன்னொரு விசுவாசி.

தகப்பன் இல்லாத மேசை

இடமாற்றத்தில் குடும்பமாவது சேர்ந்து போகிறது. தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தகப்பன் மட்டும் போவதும் சகஜம். வளைகுடாவில் ஒப்பந்த வேலை, வணிகக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம், விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடல் தங்கல். குடும்ப ஜெபத்தில் அவர் இடம் காலி. இரவில் வீடியோ அழைப்பில் வந்து 'ஜெபம் பண்ணியாச்சா?' என்று கேட்டுவிட்டுப் போவதோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. அம்மா ஒரே நேரத்தில் கண்டிப்பவளாகவும் அணைப்பவளாகவும், கணக்குப் பார்ப்பவளாகவும் ஜெபம் நடத்துபவளாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கண்ணில் ஜெபம் என்பது அம்மாவின் கட்டளைகளில் ஒன்றாகிறது: பல் துலக்கு, வீட்டுப்பாடம் எழுது, ஜெபம் பண்ணு. மீசை முளைக்கும் வயதில் பையன் அம்மாவின் கட்டளைகளிலிருந்து விலகத் தொடங்கும்போது, அந்தப் பட்டியலில் இருக்கும் ஜெபமும் சேர்ந்தே உதிர்கிறது.

சில தகப்பன்மார் திரும்பி வருவதே இல்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமங்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகியவற்றில் ஏராளமான வீடுகளைக் குலைத்துப்போட்டது. கரை சேராத உடல்கள் பல. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மற்றக் குடும்பங்கள் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, இந்தப் பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு குழிமேடுகூட இல்லை. 'அப்பாவுக்காக ஜெபித்தோமே, ஏன் வரவில்லை?' என்ற கேள்விக்கு எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் ஆயத்த விடை கிடையாது. அந்தத் தாயிடம் 'விசுவாசத்தில் உறுதியாக இரும்மா' என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. அவளோடு சேர்ந்து அந்தக் கேள்விக்கு முன்னால் உட்காருவதுதான் சபையின் வேலை. கத்தோலிக்க மறைமாவட்டங்களில் இருபது, முப்பது குடும்பங்களைச் சேர்த்து நடத்தும் அன்பியக் கூட்டங்கள் உண்மையில் இதற்காகவே பிறந்தவை. அவை திருவிழா வரி வசூலுக்கும் அறிவிப்புக்கும் மட்டும் கூடும் இடங்களில், அந்த வாய்ப்பு வீணாகிறது.

சான்றிதழில் எழுதும் மதம்

தலித் கிறிஸ்தவத் தாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளியில் சேர்க்கும் நாளில் 'மதம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதன் விளைவு ஒவ்வொரு வீட்டிலும் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வளரும் பிள்ளைக்கு, விசுவாசம் என்பது வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்ற பாடம் முதலிலேயே கிடைத்துவிடுகிறது. உண்மையை எழுதும் தாய், பிள்ளையின் கல்லூரி இடத்தையும் வேலை வாய்ப்பையும் பணயம் வைக்கிறாள். இந்தச் சுமையைச் சட்டம் உண்டாக்கியது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அதே தெருவில், அதே சாதிப் பெயரால் இழிவுபடும் குடும்பத்துக்குச் சாதி கோவில் வாசலில் நின்றுவிடுவதில்லை. ஆனால், பதிவேட்டில் வேறு மதம் எழுதும் தாயை 'இரட்டை வாழ்க்கை வாழ்பவள்' என்று பிரசங்க மேடையிலிருந்து குத்துவது சபை தானாகச் செய்யும் தவறு. குருவானவர்களும் ஆயர்களும் வசதியான குடும்பங்களும் அந்த உரிமைக்காக அவள் பக்கம் நின்ற பிறகுதான் அவளிடம் நேர்மையைப் பற்றிப் பேச முடியும்.

▣ பெட்டிச் செய்தி: மூன்று தாய்மார், தனியாக அல்ல

• ஐனிக்கேயாள்: தீமோத்தேயுவின் தாய். கணவர் கிரேக்கர். வீட்டில் லோவிசாள் என்ற பாட்டி துணை. வெளியே பவுல் என்ற ஆவிக்குரிய தகப்பன்.
• மோனிக்கா: மகன் அகுஸ்தீனைத் தேடி ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் வரை போனவர். கல்லறைகளுக்கு உணவு கொண்டுபோகும் ஊர் வழக்கத்தை மிலானில் ஆயர் அம்புரோசு தடுத்தபோது, தயங்காமல் விட்டார். மகனின் அறிவுக் கேள்விகளுக்கு விடை கிடைக்க உதவியது அம்புரோசின் மறையுரை. 387இல் மகன் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு தாய் மறைந்தார்.
• சூசன்னா வெஸ்லி: 19 குழந்தைகள் பெற்று 10 பேரை வளர்த்தவர். ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்துப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். 1711–12இல் கணவர் லண்டன் போயிருந்தபோது அவர் வீட்டில் நடத்திய ஜெபத்துக்கு சுமார் 200 பேர் வந்தார்கள்.

'ஏன்?' என்று கேட்கும் வயது

மாற்றங்களில் மிகப் பெரியது வீட்டுக்கு வெளியே நடப்பதல்ல, பிள்ளைக்குள் நடப்பது. எட்டு வயதில் நோவாவின் பேழையைக் கண் விரியக் கேட்ட பிள்ளை, பதினாறு வயதில் பரிணாமக் கொள்கையோடு வந்து நிற்கிறது. பக்கத்து இருக்கை இந்துத் தோழி கெட்டவளா என்று கேட்கிறது. கோவில் தேர்தலில் ஏன் அடிதடி நடக்கிறது என்றும் கேட்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி முப்பதாண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பங்களின் பல தலைமுறைகளைப் பின்தொடர்ந்து, 2013இல் 'ஃபேமிலீஸ் அண்ட் ஃபெய்த்' என்ற நூலாக வெளியிட்டார். பெற்றோர் எவ்வளவு கற்பித்தார்கள், எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதைவிட, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இருந்த மன நெருக்கம் முக்கியம் என்பது அதன் மையக் கண்டுபிடிப்பு. அதிலும் தகப்பனின் நெருக்கம் தனிக் கனம் கொண்டிருந்தது. தாத்தா பாட்டியின் பங்கும் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. 2021இல் கிறிஸ்டியன் ஸ்மித்தும் ஏமி ஆடம்சிக்கும் எழுதிய நூல், வார நாட்களில் சாதாரணப் பேச்சின் நடுவே கடவுளைப் பற்றிப் பேசும் வீடுகளுக்கு முதலிடம் தருகிறது.

இவை அமெரிக்க ஆய்வுகள். குமரிக்கும் கலிபோர்னியாவுக்கும் தூரம் அதிகம் என்று ஒதுக்கலாம். ஆனால், கூட்டுக் குடும்பம் இன்னும் மூச்சு விடும் நம் ஊரில் தாத்தா பாட்டியின் பங்கு அங்கிருப்பதைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. தகப்பன் சொல்லுக்கு அதிக மரியாதை தரும் சமூகத்தில் தகப்பனின் மௌனமும் உரக்கவே பேசும். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்க அம்மாவும் பிள்ளையும் முழங்கால் படியிடும் வீட்டில், 'இது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது. பெரிய ஆண் ஆனால் விட்டுவிடலாம்' என்ற பாடத்தை அந்தப் பையன் ஒவ்வொரு இரவும் படிக்கிறான். எந்த ஜெபக் கூட்டமும் அந்தப் பாடத்தை எளிதில் அழிக்காது.

மறுப்புகள்

'வேதமே தாயின் விசுவாசத்தைப் போற்றுகிறதே?' என்பது முதல் மறுப்பு. போற்றுகிறது, அன்னாளையும் ஐனிக்கேயாளையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால், பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ப வளர்க்கும் கட்டளை எபேசியர் 6:4இல் தகப்பன்மாரை நோக்கியே சொல்லப்படுகிறது. உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்வது இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும். அன்னாள்கூடச் சாமுவேலைத் தானே வைத்துக்கொள்ளாமல் சீலோவில் ஏலியிடம் ஒப்படைத்தாள். தாயின் பங்கைப் புகழும் வேதம் தகப்பனுக்கும் சபைக்கும் விடுப்புக் கொடுக்கவில்லை.

'பழக்கத்தைத் தளர்த்தினால் விசுவாசமே தளரும்' என்பது இரண்டாவது. இதில் நியாயம் உண்டு. பழக்கம் இல்லாத விசுவாசம் சீக்கிரம் பேச்சாகிவிடும். ஆனால் எந்தப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரக் குடும்ப ஜெபம் கூட்டுக் குடும்பத்துக்கும் இருட்டியதும் வேலை ஓயும் கிராமத்துக்கும் பொருந்தியது. இரவுப் பணித் தாய் காலை உணவுக்கு முன் ஐந்து நிமிடம் ஜெபித்து, பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்தில் பிள்ளையோடு ஒரு வேதக் கதையைப் பேசினால், உபாகமம் கேட்டதை அவள் செய்துவிட்டாள். நேரமும் வடிவும் மாறலாம். அன்றாடம் நடக்கிறது என்பதும் பெற்றவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்கள் என்பதும் மாறக்கூடாது. மோனிக்கா தன் ஊர் வழக்கத்தைக் கைவிட்டபோது அவரது பக்தி குறையவில்லை.

மூன்றாவது மறுப்பு வெளியிலிருந்து வருகிறது: 'பிள்ளைக்கு ஏன் மதத்தைத் திணிக்க வேண்டும்? வளர்ந்த பிறகு அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.' இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, குழந்தையின் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் அதன் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் பெற்றோர் உரிமையையும் ஒன்றாகவே வைக்கிறது. மொழியையும் நன்றி சொல்லும் வழக்கத்தையும் பிள்ளை பதினெட்டு வயதாகட்டும் என்று யாரும் தள்ளிவைப்பதில்லை; விசுவாசத்தையும் தள்ளிவைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த மறுப்பில் தாய்மார் கேட்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. திடப்படுத்தலும் உறுதிபூசுதலும் இருப்பதே, குழந்தையாக இருந்தபோது மற்றவர்கள் சொன்ன 'ஆம்' என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும் என்பதற்காக. 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்பு உண்மையிலேயே இல்லாத இடத்தில் அந்த 'ஆம்' வெறும் சடங்கு. மகன் சொன்ன 'இல்லை' தாயின் தோல்வி அல்ல. அவளுக்கு இருப்பது கற்பிக்கும் கடமை. முடிவின் மேல் அதிகாரம் இல்லை.

பங்கு பிரிப்பது எப்படி?

தேவையான ஏற்பாடுகள் எல்லாம் ஏற்கெனவே சபைக்குள் இருக்கின்றன, தூங்கிக்கொண்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருமுழுக்குச் சடங்கின் முடிவில் தாய் தந்தை இருவரையுமே பிள்ளையின் விசுவாசத்துக்கு முதல் ஆசிரியர்கள் என்று சொல்லித்தான் ஆசீர்வதிக்கிறார்கள். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பொறுப்பேற்கிறார்கள்; பிறகு மோதிரம் போட்டு, பிரியாணி சாப்பிட்டு, அடுத்து அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு வருகிறார்கள். சென்னையில் வளரும் பிள்ளைக்கு சென்னையிலேயே ஒரு ஞானப் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கவும், மாதம் ஒரு முறையாவது அவர்கள் பிள்ளையோடு உட்காரவும் சபை கேட்கலாம். சி.எஸ்.ஐ. சேகரங்களில் ஆண்கள் ஐக்கிய சங்கம் கட்டட நிதிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கூடுகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேராவது ஆண்களாக இருக்க வேண்டும் என்று அது ஒரு தீர்மானம் போடலாம். பிழைக்கப் போகும் குடும்பத்துக்குச் சபை மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதோடு நிற்காமல், சேரும் ஊரின் குருவானவரை அழைத்து 'இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள்' என்று சொல்லலாம். விதவைத் தாய்க்கும், கணவரைப் பிரிந்து வாழும் தாய்க்கும் முன்வரிசையில் இடம் கொடுக்கலாம்; 2001இல் கிறிஸ்தவ மணவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவளைப் பற்றி முணுமுணுக்கும் சபை, அவள் பிள்ளையைத் தானே வெளியே தள்ளுகிறது.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. ஆண்கள் நேரம் கொடுக்க வேண்டும். சபை பொறுப்பை ஏற்க வேண்டும். அம்மாக்கள், எல்லாவற்றையும் தாங்களே சுமப்பதுதான் பக்தி என்ற எண்ணத்தை விட வேண்டும். அடுத்த அன்னையர் தின ஆராதனையில் தாய்மாருக்குப் பூங்கொத்து கொடுப்பதற்கு முன், தகப்பன்மாரை எழுந்து நிற்கச் சொல்லி, 'இந்த வாரம் உங்கள் பிள்ளையோடு ஜெபித்தீர்களா?' என்று குருவானவர் கேட்கட்டும். அந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் கேட்கப்படும் சபையில், ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். அதற்கான விலையைத் தாய் மட்டும் கொடுக்கவும் வேண்டியிருக்காது.